பக்கத்துக் கடையின் சாவி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் சந்துக்காரர்களுக்கும் என் வணக்கம். நான் அக்காவின் ஒரே தம்பி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இதை எழுதச் சொன்னது அக்காவின் மகள் சுமதி.

"நீங்க எழுந்து நின்னு பேச வேணாம் மாமா. எழுதுங்க, போதும். படிக்கும்போது யாரும் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தினாள். படித்து முடித்துவிட்டு, "பயந்தேன் பயந்தேன்னு நெறைய வருது மாமா, கொஞ்சம் எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதை எடுத்துவிட்டால் நான் சொல்ல வந்தது எதுவும் மிஞ்சாது.

அக்கா மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் பிறந்தார். இன்றும் நாங்கள் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறோம். அப்பா தினமும் தியாகராய நகருக்குப் போய் நடைபாதையில் நூல்கண்டு, ஊசி, ஜாக்கெட் ஹூக்கு விற்றார். பிறகு உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு ஒரு பெட்டி அளவுக்குக் கடை கிடைத்தது. அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா காலமானபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பத்து.

என்னைப் படிக்க வைக்க அக்கா எவ்வளவோ பாடுபட்டார். வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால் எனக்கு வாய் வராது. கால் நடுங்கும். ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றதும் நான் கடைக்கு ஓடிப்போய் நூல் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அக்கா கெஞ்சினார், இரண்டு அடியும் வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு நாற்பத்திரண்டு வருடம் அந்த அலமாரிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்று பேசியதெல்லாம் அக்கா. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தான் சுமதிக்கு நாலு வயதானபோது மாரடைப்பில் போய்விட்டார். அப்போதும் அக்கா பதினாறு நாள்தான் வீட்டில் இருந்தார். பதினேழாம் நாள் கடையில் நின்றார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்த கதையைச் சந்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் சந்தைப் பற்றிச் சொன்னால்தான் அக்காவைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

மொத்தம் பதினொரு கடைகள். மெயின் ரோட்டில் மாடி மேல் மாடியாகப் புடவைக் கடைகள் எழும்ப எழும்ப, அவற்றின் நிழலில் எங்கள் சந்தும் வளர்ந்தது. பலகைக் கதவு போய் இரும்பு ஷட்டர் வந்தது. பெரிய கடையில் பட்டுப் புடவை கிடைக்கும். அதற்கு ஏற்ற நிறத்தில் நூல் கிடைக்காது, ஓரம் அடித்துத் தர ஆள் கிடையாது. புடவைப் பையோடு வெளியே வரும் பெண்கள் நேராக எங்கள் சந்துக்குள் நுழைவார்கள். எங்களுக்கு வலப்பக்கத்துக் கடை இஸ்மாயில் பாயுடையது. ஜாக்கெட் துணியும் லைனிங்கும் விற்பார். அவர் நிறம் பார்த்து வெட்டிக் கொடுத்த துணியின் ஓரத்தில் விரல் அகலம் ஒரு துண்டு கிழித்து, "அக்கா கிட்ட காட்டும்மா, நூல் குடுப்பாங்க" என்று அனுப்புவார். அந்தத் துண்டுக்கு நான் அலமாரியிலிருந்து நூல் எடுத்துத் தருவேன். எங்களுக்கு இடப்பக்கம் ஏகாம்பரம். புடவை ஓரத்துக்கு ஃபால்ஸ் தைத்து பீக்கோ போடுகிறவர். அக்கா அந்த நூலோடு அந்தப் பெண்ணை அவரிடம் அனுப்புவார். ஒரு பெண் சந்துக்குள் பத்து அடி நடந்தால் அவள் வேலை முடிந்துவிடும். நாங்கள் பதினொரு பேரும் பிழைத்தது அந்தப் பத்து அடியில்தான்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. உறவினர்கள் பலருக்கு அது தெரியாது. எங்கள் சந்தில் யாரும் தன் கடைச் சாவியைத் தன் வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார்கள். அவரவர் வலப்பக்கத்துக் கடையின் சாவியைத்தான் கொண்டு போவார்கள். எங்கள் சாவி ஏகாம்பரத்திடம். பாயின் சாவி அக்காவிடம். பாயிடம் அவருக்கு அடுத்த லேஸ் கடைச் சாவி. இப்படியே போய், கடைசிக் கடைக்காரரிடம் முதல் கடைச் சாவி.

இது அக்கா ஆரம்பித்ததுதான். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு கடையின் பூட்டு திறந்து கிடந்தது. இரண்டு கட்டுத் துணியைக் காணோம். அந்தக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கைகாட்டினார். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

"அவர் மேல சந்தேகம்னா உன் சாவிய அவர் கிட்டயே குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைக்குத் திருடு போனா யாரு சட்டையப் பிடிக்கிறதுன்னு உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பழி சுமந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "குடுய்யா சாவிய" என்று கையை நீட்டினார். அன்று சாயந்திரம் அந்த இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். மாதம் முடிவதற்குள் பதினொரு கடையும் அப்படியே ஆகிவிட்டது. பிறகு அங்கே திருட்டே நடக்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் வராமல் யாரும் கடை திறக்க முடியாது. அதனால் எல்லோரும் ஒன்பதரைக்குச் சந்தில் இருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் வீட்டிலிருந்து யாராவது சாவியோடு ஓடி வருவார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பத்து மணிக்குள் சந்து முழுவதும் தெரிந்துவிடும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடக் காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். ஒரு வருடம் பெருவெள்ளம் வந்தபோது சைதாப்பேட்டையில் பாயின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அவரால் வெளியே வர முடியவில்லை. அக்கா மயிலாப்பூரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து போய், பாயின் கடையைத் திறந்து, அத்தனை துணியையும் பரண் மேல் ஏற்றினார். எங்கள் கடையில் கீழ்த் தட்டு நூல் முழுவதும் நனைந்துவிட்டது. நம் கடையை முதலில் பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "நம்ம சாவி என் கிட்டயாடா இருக்கு?" என்றார்.

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன்.

சந்து இருந்த நிலம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். பக்கத்தில் பழைய குடோன் இருந்த இடத்தில் அவர்கள் நாலு தளம் உள்ள கட்டடம் எழுப்பினார்கள். சந்தை இடிக்கப் போகிறோம், உங்கள் எல்லோருக்கும் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு, எந்தக் கடை யாருக்கு என்று குலுக்கல் போடுவோம் என்று காகிதம் வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களும் அதே குலுக்கலில் இருப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கீழ்த்தளத்தில் ஒருவர், மூன்றாம் மாடியில் ஒருவர் என்று சிதறிவிட்டால் அந்தத் துணித் துண்டு எப்படிப் போகும்? எந்தப் பெண் ஏறி இறங்குவாள்? அதைவிட, எனக்கு இரண்டு பக்கமும் யார் இருப்பார்கள்? தெரியாத ஆட்களாக இருந்தால் நான் என்ன செய்வேன்? இதைத்தான் அதிகமாக நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அக்கா நிலக்காரரின் மேனேஜரைப் பார்க்கப் போனார். பாயும் ஏகாம்பரமும் போனார்கள். நான் பின்னால் நின்றேன்.

"சார், ஜாக்கெட் துணிய ஒரு மாடில வாங்கி, நூல இன்னொரு மாடில வாங்கி, ஓரம் அடிக்க மூணாவது மாடி ஏறுன்னா எந்தப் பொம்பளை சார் ஏறுவா? எங்களப் பிரிச்சிட்டா நாங்க பதினொரு கடை இல்ல. பதினொரு பொட்டி" என்றார் அக்கா.

"குலுக்கல்தாம்மா நியாயம். நாளைக்கு யாரும் எங்கள ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றார் மேனேஜர்.

"சரி, குலுக்குங்க. ஆனா அன்னிக்குச் சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் யாரு வேணா யாரோட வேணா மாத்திக்கலாம்னு எழுதிக் குடுங்க."

அவர் யோசித்தார். அதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "இன்னாக்கா இது, மேனேஜரையே மடக்கிட்ட. உனக்குப் பயம்னா இன்னான்னே தெரியாதா?" என்றார் ஏகாம்பரம். பிறகு அக்காவிடம் என்னைக் கைகாட்டி, "இவரு வாய இன்னா நூல் போட்டுத் தெச்சி வச்சிகீற? பிரியவே மாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அக்கா வலது உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார். பாயின் சாவியைப் பேச்சு முடிகிற வரை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறார். சாவியின் பற்கள் சதையில் பதிந்து சிவந்திருந்தன. கையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"உனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சியாடா?" என்றார்.

அக்கா தைரியசாலி என்று இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. அந்தக் கையைத் தொட்டவன் நான் ஒருவன்தான். அதனால் சொல்கிறேன்.

குலுக்கலுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. ஆடி மாதம், தள்ளுபடிக் கூட்டம். அக்கா மூன்று நாளாக மார்பு கனக்கிறது என்றார். தெருமுனை டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடியட்டும் என்றார் அக்கா. வியாழக்கிழமை விடிகாலையில் "டேய்" என்று கூப்பிடும் சத்தம் கேட்டு எழுந்தேன். கூடத்துச் சுவரில் என் சட்டை மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சட்டை மேல் இருந்தது. பிடிமானத்துக்குப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். "தண்ணி குடு" என்றார். நான் சொம்போடு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டார். சுமதியை எழுப்பினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று சந்தில் பதினொரு ஷட்டரும் ஏறவில்லை. எல்லோரும் மயிலாப்பூர் மயானம் வரை வந்தார்கள். பாய் தோள் கொடுத்தார். மறுநாள் அஸ்தியைக் கடலில் கரைத்தோம்.

ஐந்தாம் நாள் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார்.  

"பாய் இன்னும் கட தொறக்கல நைனா. டெய்லி ஒன்பதரைக்கு வராரு. லேஸ் கடைய தொறந்து வுட்டுட்டு அங்கயே குந்திகினு கீறாரு. இன்னா பாய்னு கேட்டா, அக்காவுக்காக மூடிகினு கீறேன்ங்கறாரு. ஆடி மாசம். ஜனம் ரோட்ல கொட்டிக்கினு கீது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாயின் சாவி அக்காவிடம் அல்லவா இருந்தது. அக்கா அதை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அக்காவைக் குளிப்பாட்டிய பெண்களைச் சுமதி ஒவ்வொருவராகக் கேட்டாள். இடுப்பில் சாவி எதுவும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும், "நாங்க சரியா பாக்கல போல" என்றார். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சாவி அக்காவோடு நெருப்புக்குள் போய்விட்டது, சாம்பலோடு கடலுக்கும் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். அரிசிப் பானை, தலையணை உறை, சாமி அலமாரி என்று வீட்டையே புரட்டினோம். பாயிடம் போய் எப்படிச் சொல்வது? ஒருவர் நம்பிக் கொடுத்ததை எங்கள் வீடு தொலைத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அன்று ஒரு வாய் சோறும் தொடவில்லை.

ஆறாம் நாள் காலையில், எப்படியும் போய்ச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று, அக்கா போன நாளிலிருந்து தொடாமல் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டேன். பை கனத்தது. உள்ளே கைவிட்டேன். பாயின் சாவி.

அக்கா பிடிமானத்துக்காகச் சட்டையைப் பிடித்திருக்கவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுமதி வந்து பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது. "என் ஹேண்ட்பேக் பக்கத்துலதான் மாமா இருந்துச்சு. அதுல வைக்கல" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் தனியாகப் பஸ் ஏறினேன். பாய் லேஸ் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி. டீ சொல்லட்டா?"

"சாவி பாய்."

"ம்."

"பூட்ட ஒடைச்சிருக்கலாமே பாய். என்னையாவது கேட்டிருக்கலாம்."

"ஒன்னக் கேட்டா நீ பயந்துடுவ. அதான் கேக்கல" என்றார். "தொற."

நான் யாருடைய கடையையும் திறந்தது கிடையாது. எங்கள் கடைப் பூட்டைக்கூட ஏகாம்பரம் திறப்பார், அக்கா ஷட்டரைத் தூக்குவார். சாவி மூன்று முறை தவறியது. பக்கத்திலிருந்து ஏகாம்பரம், "மெதுவா நைனா, பூட்டுக்கு வலிக்கப் போவுது" என்றார். பூட்டு திறந்தது. உள்ளே போனதும் பாய் முதலில் அக்கா வழக்கமாக வந்து நிற்கும் இடத்தைத் துடைத்தார். அதன் பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு துணிகளை அடுக்கினார்.

குலுக்கல் நாள் வந்தது. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஒரு எவர்சில்வர் குடத்தில் சீட்டுகள். எங்கள் முறை வந்தபோது கையை விட்டு எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்தார்.

"கீழ்த்தளம், ஒண்ணாம் நம்பர்."

சத்தம் எழுந்தது. அது வாசலை ஒட்டிய கடை. ரோட்டைப் பார்த்த கண்ணாடி முகப்பு. அந்தக் கட்டடத்திலேயே அதற்கு மேல் ஒரு கடை கிடையாது. யார் யாரோ என் முதுகில் தட்டினார்கள். நான் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று பக்கம் கண்ணாடி. ஒளிந்துகொள்ள ஒரு மூலை இல்லை. ரோட்டில் போகிற ஊர் முழுவதும் என்னைப் பார்க்கும், உள்ளே வந்து கேள்வி கேட்கும். பக்கத்தில் ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. 

பாய்க்கு மூன்றாம் மாடியில் கடைசி மூலை விழுந்தது. மற்ற ஒன்பது பேரும் வேறு வேறு இடங்களில். ஆனால் அக்கா வாங்கி வைத்த அந்தச் சாயந்திரம் எங்களிடம் இருந்தது. மதியம் மூன்று மணிக்குள் ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி, ஒன்பது பேரும் இரண்டாம் மாடியில் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் நடுவில் இரண்டு கடைகள் மட்டும் செல்போன் உறை விற்கும் ஒரு வெளியாளிடம் இருந்தன. அவர் நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"ரெண்டையும் தர்றேண்ணே. பாய் கடைய நான் குடோனா வச்சிக்கிறேன். ஆனா எனக்கு ஒண்ணாம் நம்பர் வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாய்தான் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "வேணாம் தம்பி. ஒனக்கு விழுந்தது ஒனக்கு. சுமதிக்கும் நாளைக்கு ஆவும். நான் மேல போய்க்கிறேன்" என்றார். பிறகு, "என் சாவிய இனிமே நானே வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

அந்த வாக்கியம் என்னைப் பயமுறுத்தியதுபோல் வேறு எதுவும் பயமுறுத்தவில்லை.

அதே நேரம் கொட்டிவாக்கத்திலிருந்து எங்கள் தாய்மாமா போன் செய்தார். "வாசல் கடைடா. வாசல் கடைனா லட்சுமி. கையெழுத்துப் போட்டுக் கெடுத்துடாத. ஒங்க அக்கா இருந்தா விடுவாளா?" என்றார். அவர் எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார். 

கடை அக்காவுடையது, எனவே சுமதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. கிண்டியில் அவள் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது நாலரை மணி. நடந்ததைச் சொன்னேன். கண்ணாடிக் கடையை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. அதை நான் பார்த்தேன்.

"மாமா, நீங்க இதை பாய்க்காகச் செய்யறீங்களா?"

"இல்ல."

"அம்மாவுக்காகவா?"

"பயமா இருக்கு சுமதி. இங்க தனியா உக்காந்தா நான் செத்துடுவேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப வாங்க, நேரமாகுது" என்று என் கையைப் பிடித்து மேனேஜர் மேஜைக்கு அழைத்துப் போனாள்.

மாற்றிக்கொள்கிறவர் எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்ல வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. பள்ளிக்கூடத்தில் நின்றது போலவே நின்றேன்.  சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பாயின் சாவியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணாம் நம்பர் எனக்கு வேணாம் சார்."

"காரணம் எழுதணும். என்ன காரணம்?"

"பாயோட சாவி என் கிட்ட இருக்குது சார்."

மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, சொந்தக் காரணம் என்று எழுதினார். சுமதி கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். பின்னால் ஏகாம்பரம், "தையல் பிரிஞ்சிடுச்சிடோய்" என்று சொன்னது காதில் விழுந்தது.  அன்று சாயந்திரம் சந்தில் கடையைப் பூட்டியதும் பாய் தன் சாவியைத் திருப்பிக் கேட்காமல், வழக்கம்போல என்னிடமே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

இது நடந்த பிறகு உறவினர்களில் சிலர் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்றார்கள். சிலர் முட்டாள் என்றார்கள். அக்காவின் நினைவு நாளில் பொய் சொல்லக் கூடாது. பெருந்தன்மையும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. கார்த்திகையில் குடிபோனோம். சந்து இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. இரண்டாம் மாடிக்கு எல்லாப் பெண்களும் ஏறி வருவதில்லை. ஏறி வருகிறவர்களுக்குப் பத்து அடியில் வேலை முடிகிறது. அவர்கள் தங்கைகளையும் மதனிகளையும் அழைத்து வருகிறார்கள். மற்றவர்கள் கீழேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். சில நாள் மதியத்தில் பதினொரு கடையிலும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது தாய்மாமா சொன்னது நினைவுக்கு வரும்.

பாய்க்கு எழுபது வயது நெருங்குகிறது. முழங்கால் வலி. காலையில் ஒன்பதரைக்கு அவர் கடைப் பூட்டுக்கு முன்னால் நின்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பது நாற்பது ஆகிவிட்டால் என் கை ஜில்லென்று ஆகிவிடும். சாவியை இறுக்கிப் பிடிப்பேன். பிறகு படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் பற்கள் பதிந்திருக்கும்.

அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டி, தலைவாரி, பூ வைத்து அனுப்பிய எங்கள் தெருப் பெண்களுக்கு நன்றி. மூன்று நாள் வீட்டுக்கே வந்து பார்த்த தெருமுனை டாக்டருக்கு நன்றி. அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்காகத் தனிப் பாத்திரம் வாங்கிச் சைவமாகச் சமைத்து அனுப்பிய பாயின் மனைவிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கேலி பேசிப் பேசியே என்னை வெளியே இழுத்து வரும் ஏகாம்பரத்துக்கும், லேஸ் கடைக்காரருக்கும், மற்ற எட்டுக் கடைக்காரர்களுக்கும் நன்றி. என் மேல் கோபம் இருந்தும் இன்றைய காரியங்களை முன்னின்று நடத்தும் தாய்மாமாவுக்கு என் வணக்கம். ஆசைப்பட்டதை விட்டுக் கையெழுத்துப் போட்ட சுமதிக்கு அவள் அம்மாவின் ஆசி உண்டு.

கடைசியாக, வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திதி நடக்கும்போது இடையில் என்னைக் காணவில்லை என்றால் தவறாக நினைக்க வேண்டாம். சாஸ்திரிகளிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். பாய் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடுவார். காலையில் அவர் இரண்டாம் மாடியில் பூட்டிய கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். நான் போய்த் திறந்துவிட்டு வந்துவிடுகிறேன்.